பீட்டர்ஸ்பர்க்கின் மேலே

சியாட்டிலிலிருந்து அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாக வடக்கே செல்லும் ஜெட் விமானம், கெச்சிக்கான், ரேங்கல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ என்று நம்மூர் டவுன் பஸ்ஸைப் போல ஊருக்கு ஊர் நின்று, கடைசியில் ஏங்கரேஜைச் சென்றடைகிறது. வழியிலுள்ள இந்த நான்கு ஊர்களுக்கும் வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பு கிடையாது. இத்தனைக்கும் ஜூனோ மாநிலத் தலைநகரம். ஏறக்குறைய 2,000 பேர் வாழும் ரேங்கலில் ஜெட் இறங்குவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால், 1978-இல் வழித்தடங்களையும் கட்டணத்தையும் நிறுவனங்களின் விருப்பத்திற்கு விட்ட அமெரிக்க அரசு, சிற்றூர்களை அவை கைவிட்டுவிடக் கூடாதென்று மானியத்திற்கும் அதே சட்டத்தில் வழி செய்திருந்தது.

நான் பீட்டர்ஸ்பர்க் செல்லவேண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் அவ்வூர்ப் பாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் கெச்சிக்கான், அன்றும் தன் கடமையில் தவறவில்லை. ரேங்கலிலிருந்து பீட்டர்ஸ்பர்க் ஐம்பது கிலோமீட்டர்தான்; இருக்கைப் பட்டையை அவிழ்ப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இறங்கத்தான் தொடங்கியது. பிறகு மனம் மாறியதுபோல் மேலே ஏறிவிட்டது. ஓடுபாதையை மூடுபனி மறைத்திருப்பதால் நேரே ஜூனோ செல்வதாக விமானி அறிவித்தார். நான் பதறிப்போய்ப் பாட்டியைப் பார்த்தேன். அவர் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அதோ, அந்த மேகத்திற்குக் கீழேதான் என் வீடு" என்றார்.

ஜூனோவும் வெயில் காயும் ஊர் அல்ல. ஆனால் மலை இடுக்கில் செயற்கைக்கோள் வழிகாட்டுதலுடன் இறங்கும் முறை அங்கே 1996-இலேயே வந்துவிட்டதால், எங்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது. அங்கே மூடுபனி மட்டுமே இடையூறு என்றும் சொல்லிவிட முடியாது. 1987-இல் அங்கிருந்து கிளம்பிய ஒரு ஜெட் விமானத்தின் மீது, பறந்துகொண்டிருந்த கழுகு ஒன்று தன் பிடியிலிருந்த மீனை நழுவவிட, அடுத்த நிலையத்தில் விமானத்தைச் சோதித்து அனுப்பச் சுமார் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. தாமதத்திற்கு இதைவிட மரியாதையான காரணத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் தெற்கே திரும்பும் விமானத்தில் இடம் தருவதாகப் பணியாளர் சொன்னதும் நான் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். பாட்டியோ, அன்றிரவே புறப்படவிருந்த அரசுப் பயணிகள் கப்பலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டார். "எட்டு மணி நேரம் ஆகும், ஆனால் எங்கள் ஊரில் நிற்கும்" என்றார். விடைபெறும்போது, ஊருக்கு வந்ததும் கூப்பிடும்படி தம் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்.

மறுநாள் என் விமானம் பீட்டர்ஸ்பர்க்கை நெருங்கியது, தாழ்ந்தது, சற்று யோசித்தது, மீண்டும் ஏறிவிட்டது. முந்தைய நாள் கடந்து வந்த ரேங்கலிலேயே என்னை இறக்கிவிட்டார்கள். இன்னும் வந்து சேரவில்லை என்று செய்தி அனுப்பினேன், பாட்டியிடமிருந்து உடனே பதில் வந்தது: "கொஞ்ச நேரத்திற்கு முன் வீட்டிற்கு மேலே ஒரு விமானச் சத்தம் கேட்டதே, அது நீங்கள்தானா?"