என்டேக் 216: எல்லாப் போனிலும் முழுசாகப் படித்தாயிற்று

ஒருவழியாக, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாமே என்டேக் 216 என்எஃப்சி டேக்கை (போனை அருகில் வைத்தால் படிக்கக்கூடிய சின்னச் சிப் ஒட்டி) ஒரே தட்டலில் முழுசாகப் படிக்கின்றன. 888 பைட், ஒன்றும் விடுபடவில்லை! என் புத்தக அலமாரிச் செயலி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது.

சிக்கல், டேக்கைப் படிக்கப் போன் அனுப்பும் ஃபாஸ்ட் ரீட் கட்டளையில். சாதாரண ரீட் ஒரு தடவைக்கு 4 பக்கம், அதாவது 16 பைட்தான் தரும். 222 பக்கத்துக்கு 56 முறை கேட்பதற்குள் கை அசைந்துவிடும். ஃபாஸ்ட் ரீட் கேட்ட பக்கங்களை மொத்தமாகத் தரும். எவ்வளவு கேட்கலாம் என்பதில்தான் போனுக்குப் போன் வித்தியாசம். ஆண்ட்ராய்டு சொல்லும் 'மேக்ஸ் டிரான்ஸீவ் லெங்த்' என்ற பைட் அளவு எல்லாப் போனிலும் 253 என்றே வருகிறது. நாலால் வகுத்தால் 63 பக்கம். ஒரு போன் அதை அப்படியே படிக்கிறது. இன்னொன்று, டேக் போனின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, 'டேக் லாஸ்ட்' (டேக்கைக் காணோம்) என்று கைவிரிக்கிறது. 62 கேட்டால் அதுவும் படிக்கிறது. 252 பைட்டோடு பிழை சரிபார்க்கும் சிஆர்சி 2 பைட் சேர்ந்தால் 254 ஆகிறதே, அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மூன்றாவது போனுக்கு 62ம் அதிகம்.

ஆண்ட்ராய்டு ஆவணத்தை நிதானமாகப் படியுங்கள். அந்த 253 நாம் அனுப்பக்கூடிய அளவு மட்டுமே. வரும் பதிலுக்கு அது உத்தரவாதம் இல்லை. அதை நம்பி எழுதிய மாதிரி நிரல்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, தோற்றால் அளவைக் குறைத்து மறுபடி கேட்கலாமே என்றால், ஒரு கட்டளை தவறியதும் டேக் ஆரம்ப நிலைக்குப் போய்விடுகிறது. குளோஸ் செய்து மறுபடி கனெக்ட் செய்தால்தான் பேசும். அதனால் ஒவ்வொரு போனின் எல்லையையும் தேடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் 15 பக்கம், 60 பைட் என்று வைத்துவிட்டேன். 15 கட்டளையில் மொத்தமும் முடிகிறது. போன் டேக்கைப் படிக்கும் ரீடர் மோடில், என்டெஃப் (டேக்கில் தகவல் எழுதும் பொது வடிவம்) சோதனையைத் தவிர்க்கும் கொடியையும் (ஃப்ளாக்) போடுங்கள். இல்லாவிட்டால் நம் முறை வருமுன் ஆண்ட்ராய்டே டேக்கை ஒருமுறை படித்து நேரத்தைத் தின்றுவிடும்.

டேக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 216 என்று வாங்கிய டேக் கட்டுக்குள் அதைவிடச் சின்ன என்டேக் 213ம் கலந்து வந்தது. டேக்கின் வகையைக் கேட்கும் கெட் வெர்ஷன் கட்டளைக்கு வரும் பதிலின் ஏழாவது பைட் ஹெக்ஸில் 13 என்று இருந்தால்தான் 216. ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

எழுதும் பகுதி இன்னும் பாதியில் நிற்கிறது. ஆனால் மனசு அதற்குள் ஐபோனுக்குப் போய்விட்டது. ஐஓஎஸ் 13 முதல் இதே கட்டளைகளை அங்கேயும் அனுப்பலாம். ஆன்டெனா போனின் மேல் விளிம்பில் இருப்பதால், 'இங்கே தட்டவும்' படத்தை மட்டும் தனியாக வரைய வேண்டும்.