அஞ்சு ரூபாயில யாரு இருக்காங்கன்னு பாக்குற வேலை

பேங்க்ல கேஷ் கவுண்டர்ல இருக்கேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி "அவ்ளோ பணத்தத் தொட்டுத் தொட்டு எண்றீங்களே, ஒரு மாதிரி இருக்காதா?"ங்கறது தான். கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரங்க கூட கேட்டிருக்காங்க. ஒண்ணும் இருக்காதுங்க. வேலைக்குச் சேந்த ஒரு மாசத்துல அது பணம்ங்கறதே மறந்துடும். நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டல், சாயங்காலம் கம்ப்யூட்டர்ல காட்டுற தொகையும் டிராயர்ல இருக்குற தொகையும் ஒத்துப்போனா வீட்டுக்குக் கெளம்பலாம், ஒத்துப்போகலன்னா மறுபடி மொதல்லேர்ந்து எண்ணணும், எண்ணியும் கொறஞ்சா நம்ம கையிலேர்ந்து வைக்கணும், அவ்ளோ தான். அல்வாக் கடைக்காரருக்கு அல்வா மாதிரி.

ஆனா இத்தன வருஷமா இந்தக் கண்ணாடிக் கேபினுக்குள்ள அலுக்காம உக்காந்திருக்கேன்னா அதுக்கு வேற காரணம் இருக்கு. எனக்குக் காசு பாக்கப் பிடிக்கும். சேத்து வைக்கிறதுல பெருசா ஆசை இல்ல, சும்மா எடுத்துப் பாக்கறது தான்.

இது கும்பகோணத்துல நான் மொத மொதல்ல சேந்த பிராஞ்ச்ல ஹெட் கேஷியரா இருந்த ஒரு சார் கிட்டேர்ந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். பஸ்ஸுக்காரங்களும் கோயில்காரங்களும் மூட்டையில கொண்டாந்து கொட்டுற சில்லறைய எண்ணணும்னா எல்லாரும் மூஞ்சியச் சுளிப்பாங்க, அவரு மட்டும் "இங்க தள்ளுங்க"ன்னு இழுத்து வச்சுக்குவாரு. எனக்கு முதல்ல இவரு என்ன இப்படி இருக்காருன்னு தான் தோணுச்சு. ஒரு நாள் என்னக் கூப்ட்டு ஒரு ரூபாய்க் காசக் கையில குடுத்து, வருஷம் போட்டிருக்குல்ல, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாரும்மான்னாரு. உத்துப் பாத்தா ஒரு சின்னப் புள்ளி. அப்படின்னா அது நொய்டாவுல அடிச்ச காசாம். டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா. பொறந்ததுலேர்ந்து காசத் தொடறேன், அப்படி ஒண்ணு அதுல இருக்குன்னே எனக்குத் தெரியாது. அன்னைக்கு வீட்டுக்குப் போய் சாமி உண்டியலக் கவுத்துக் கொட்டி ராத்திரி வரைக்கும் ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தேன், எங்கம்மா உண்டியலத் தொறந்ததுக்குத் திட்டுன திட்டு தனி.

அப்பறம் தான் தெரிஞ்சுது, நம்ம மின்ட்டுங்க அடிச்சு மாளாத சமயத்துல வெளிநாட்டுலயும் குடுத்து காசு அடிச்சு வாங்கியிருக்காங்க. 1998ன்னு போட்ட ரெண்டு ரூபாயில சிலதுல முட்டை மாதிரி ஒரு வட்டத்துக்குள்ள எம் எழுத்து இருக்கும், அது தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியாவுல அடிச்சது. எங்கயோ பிரிட்டோரியாவுல பொறந்துட்டு கும்பகோணத்துல வெத்தல வாங்க வந்திருக்கு பாருங்க.

சேத்து வைக்கிற ஆசை இல்லன்னு சொன்னேன், அதுல கொஞ்சூண்டு பொய் இருக்கு. சிலதப் பாத்தா விட மனசு வராது. எங்களுக்கு ஒரு ரூல் உண்டு, காலையில கேபினுக்குள்ள போறதுக்கு முன்னாடி சொந்தக் காசு எவ்ளோ கையில இருக்குன்னு ஒரு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். அதனால டிராயர்லேர்ந்து ஒரு அஞ்சு ரூபா எடுத்தா என் பர்சுலேர்ந்து வேற ஒரு அஞ்சு ரூபா உள்ள போயிடணும், கணக்கு அங்கயும் மாறாது இங்கயும் மாறாது. இதுக்காகவே பர்சுல சில்லறை போட்டுக்கிட்டு வேலைக்கு வர்ற ஒரே ஆள் எங்க பிராஞ்ச்ல நான் தான்.

அஞ்சு ரூபாய்ல தான் நம்ம ஆளுங்க நெறய பேரு இருக்காங்க. 1995ல தஞ்சாவூர்ல எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்துச்சுல்ல, அதுக்காக திருவள்ளுவர் போட்ட காசு வந்துச்சு. 2003ல காமராஜர் நூற்றாண்டுக்கு ஒண்ணு. 2009ல அண்ணா நூற்றாண்டுக்கு ஒண்ணு, அதுல அவரு படத்தோட அவரு கையெழுத்தும் இருக்கும், தமிழ்லயே. இந்திக்கும் இங்கிலீஷுக்கும் நடுவுல அந்தச் சாஞ்ச கையெழுத்தப் பாத்தா எனக்கு எப்பவும் சிரிப்பா வரும், யார அங்க கொண்டு போய் உக்கார வச்சிருக்காங்க பாருன்னு. அடுத்த வருஷமே தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதுக்கு ஒரு காசு. இதெல்லாம் ஏதோ மியூசியத்துல இருக்குற சாமான் இல்ல, கொஞ்சம் பொறுமையாப் பாத்தா டீக்கடை மிச்சத்துலயே மாட்டும்.

எங்க பிராஞ்சுக்கு ஒரு பூக்கார அக்கா வருவாங்க. வாரத்துக்கு ஒரு தடவ வந்து ஒரு மஞ்சப்பையக் கவுத்துக் கொட்டுவாங்க, காசெல்லாம் ஈரமா, நடுவுல ரெண்டு கனகாம்பரம், கொஞ்சம் வாழநாரு. நோட்டெல்லாம் மரிக்கொழுந்து வாசன அடிக்கும். அன்னைக்குக் கூட்டம் இல்ல, நான் எண்ணிட்டே வரேன், ஒரு அஞ்சு ரூபாயில வள்ளுவர். சும்மா இருந்திருக்கலாம், அக்கா இங்க பாருங்க வள்ளுவருன்னு கண்ணாடிக்குக் கீழ தள்ளிட்டேன். அவங்க எடுத்து வெளிச்சத்துல காட்டி, முந்தானையில தொடச்சு, கண்ணக் கிட்ட வச்சுப் பாத்துட்டு, "ஆமா, தாடி இருக்கு! இவரா என் பையில கெடந்தாரு?"ன்னு பக்கத்துல நிக்கறவருக்கெல்லாம் காட்டிட்டு, நான் பர்சத் தொறந்து வேற அஞ்சு ரூபா எடுத்துக் கையில வச்சிருக்கேன், அவங்க பாட்டுக்கு அத இடுப்புல செருகிக்கிட்டு "அப்ப அஞ்சு ரூபா கொறச்சு எழுதிக்கம்மா"ன்னாங்க! சலான்ல அடிச்சுத் திருத்தி எழுதினோம். அந்தக் காசு எனக்கு இன்னைக்கு வரைக்கும் இன்னொண்ணு மாட்டல. ஆனா அந்த அக்கா இப்பல்லாம் வந்தா வீட்டுலயே பிரிச்சுப் பாத்துட்டுத் தான் வராங்க. "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் வெறுங்காசு"ன்னு சொல்லிட்டே கொட்டுவாங்க.

வேலைக்கும் இது ஒதவியிருக்கு. பத்து ரூபாய்க் காசு செல்லாதுன்னு நம்ம ஊர்ப் பக்கம் ஒரு புரளி கெளம்பி, கடைக்காரங்களும் வாங்க மாட்டாங்க, கண்டக்டரும் வாங்க மாட்டாரு, எல்லாம் எங்க தலையில வந்து விழும். ரூபா குறி இருக்குறது தான் நல்ல காசு, அது இல்லாதது கள்ளக் காசுன்னு ஒரு பேச்சு வேற. ரிசர்வ் பேங்க் 2018ல பதினாலு டிசைன் இருக்கு, பதினாலும் செல்லும்னு அறிவிச்சது, அத நோட்டீஸ் போர்டுல ஒட்டியும் வச்சோம், யாரு படிக்கிறா. நான் என்ன பண்ணுவேன்னா ரெண்டு காசயும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டி, அந்த ரூபா குறியே 2010ல தாங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச காசுல எப்படி இருக்கும், அதப் போட்டவரே நம்ம தமிழ்நாட்டுக்காரரு உதயகுமாருன்னு கத சொல்லுவேன். ரூல் சொன்னா சண்டைக்கு வர்ற ஆளுங்க கத சொன்னா நின்னு கேப்பாங்க. பின்னாடி க்யூவுல நிக்கறவங்க திட்டுவாங்கங்கறது வேற விஷயம்.

நோட்டும் அப்படித் தான். பின்பக்கம் பதினஞ்சு பாஷையில எழுதியிருக்குல்ல, அதுல தமிழ் பதிமூணாவது வரி. புது அம்பது ரூபாயில ஹம்பி கல்தேரு, நூறுல குஜராத்து படிக்கெணறு, இருநூறுல சாஞ்சி ஸ்தூபி. டூர் போக லீவு கெடைக்காத எனக்கு ஊரெல்லாம் கைக்குள்ளயே ஓடுது. ஒரு தடவ ஒரு பையன், அவங்க பாட்டி செத்துப் போனப்பறம் ட்ரங்கு பொட்டியில கெடந்துச்சுன்னு பழைய ஆயிரம் ரூபா நோட்டு ஒண்ணு கொண்டாந்தான். பின்னாடி தஞ்சாவூர்ப் பெரிய கோயில் போட்டது. 1978ல செல்லாதுன்னு அறிவிச்ச நோட்டு அது, இப்ப மாத்த முடியாதுப்பான்னு சொன்னேன், பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆனா அதுக்குள்ள லோன் செக்‌ஷன்லேர்ந்து ஒருத்தர், மேனேஜர், செக்யூரிட்டி அண்ணன், வரிசையில நின்ன ரெண்டு வாத்தியாருங்க எல்லாரும் கூடிட்டோம். எவ்ளோ பெருசு தெரியுமா அந்த நோட்டு, ரெண்டு கையாலயும் புடிக்கணும். ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாறி மாறிப் போகுது, பத்து நிமிஷம் பிராஞ்ச்ல ஒரு வேலையும் நடக்கல, ஒருத்தர் கூட கம்ப்ளெய்ண்ட் பண்ணல. கடைசியில அந்தப் பையன் "எங்க பாட்டி எதுக்கு இத மாத்தாம வச்சிருந்துச்சு?"ன்னு கேட்டான். யாருக்குத் தெரியும். நம்ம கோயில் இருக்கேன்னு வச்சிருக்கும்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. தாத்தாவுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கும்னு செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு, எனக்கு அது தான் சரின்னு பட்டுச்சு.

இதெல்லாம் எதுக்கு இப்ப சொல்றேன்னா, எங்களுக்கு மன அழுத்தத்தச் சமாளிக்கிறது எப்படின்னு ஒரு ட்ரெயினிங் வச்சாங்க. ஏசி ஹால், நல்ல சாப்பாடு, அதுல கொற சொல்ல மாட்டேன். பேச வந்த தம்பி ஆளுக்கொரு டைரி குடுத்து, தெனம் படுக்கறதுக்கு முன்னாடி நன்றி சொல்ல வேண்டிய மூணு விஷயம் எழுதுங்க, வாழ்க்கையே மாறிடும்னாரு. நானும் எழுதிப் பாத்தேன். மொத நாள் வீடு, பிள்ளைங்க, உடம்பு. ரெண்டாவது நாளும் வீடு, பிள்ளைங்க, உடம்பு. அதுக்கப்பறம் அது ஹோம்ஒர்க் மாதிரி ஆயிடுச்சு, இப்ப அந்த டைரியில பால் கணக்கு ஓடுது. சிலருக்கு அது ஒதவலாம், நான் இல்லங்கல. எனக்கு என்னமோ ராத்திரி உக்காந்து யோசிச்சு வரவழைக்கிற நன்றி ஒட்டவே மாட்டேங்குது. பகல்ல ஒரு பொருளக் கையில வச்சு நல்லாப் பாக்கறப்ப அது பாட்டுக்கு வருது. இத யாரோ வரஞ்சிருக்காங்க, யாரோ அடிச்சிருக்காங்க, எத்தன பேரு வேர்வையில நனஞ்சு என் மேசைக்கு வந்திருக்குன்னு.

இன்னொண்ணும் தோணுச்சு. டைரிக்கு நன்றி சொல்லி என்ன ஆகப்போகுது, எதிர்ல ஆள் வேணும்ல? நோட்டக் கட்டுறதுக்குப் பின் அடிக்கக் கூடாதுன்னு 2001ல ரிசர்வ் பேங்க் சொல்றதுக்கு முன்னாடி எங்க வெரலப் பாத்திருக்கணும் நீங்க, பின்னப் பிடுங்கிப் பிடுங்கி நகக்கண்ணெல்லாம் ரத்தம். அந்த ஆர்டரப் போட்ட புண்ணியவான் யாருன்னே தெரியாது, அவருக்கு எங்க போய் சொல்றது. 2016 நவம்பர்ல ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிச்சப்ப தெருக்கோடி வரைக்கும் க்யூ, மதியம் சாப்பிட நாலு மணி ஆகும், அப்ப எதுத்த மெடிக்கல்காரரு வரிசையில நிக்கறவங்களுக்கும் எங்களுக்கும் சேத்து ஒரு குடம் நெறய மோரு அனுப்புவாரு. அவருக்கு அப்ப சொன்ன தேங்க்ஸு கூட்டத்துல அவரு காதுல விழுந்திருக்கவே விழுந்திருக்காது. கடைய மூடிட்டு சொந்த ஊருக்குப் போயிட்டாரு.

சரி, போனவங்களையும் தெரியாதவங்களையும் விடுவோம், கண்ணு முன்னாடி இருக்குற ஆளுக்காவது சொல்லுவோம்னு ஒரு நாள் காலையில முடிவு பண்ணேன். எங்க அட்டெண்டர் அண்ணன் இருக்காரு. நோட்டு எண்ண வெரல நனைக்கிற ஸ்பாஞ்ச் டப்பா இருக்குல்ல, அத தெனம் நான் வர்றதுக்கு முன்னாடி கழுவி, பழைய தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி, என் வலது கை எட்டுற எடத்துல வச்சிருப்பாரு. யாரும் சொல்லி அவரு செய்யல. மிஷின் வந்தப்பறம் ஸ்பாஞ்சுக்கு முன்ன மாதிரி வேலையும் இல்ல, ஆனாலும் வைக்கிறாரு. ஈரம் மட்டா இருக்கும், சொட்டாது, காயவும் காயாது. அவரு லீவு போட்ட அன்னைக்கு மட்டும் அது காஞ்சு கெடக்கும், அப்ப தான் அப்படி ஒரு வேல நடக்குறதே நமக்குத் தெரியும். நேராப் போய், "அண்ணே, தெனம் ஸ்பாஞ்ச நனச்சு வைக்கிறீங்களே, ரொம்ப தேங்க்ஸ்ணே"ன்னேன்.

அவரு கையில இருந்த டீ ட்ரேயக் கீழ வச்சுட்டு என்னயே பாத்தாரு. "என்ன மேடம், டிரான்ஸ்பர் வந்துடுச்சா?"

இல்லண்ணே, சும்மா தான் சொன்னேன்னு எவ்ளோ சொல்லியும் நம்பல. மதியத்துக்குள்ள பிராஞ்ச் பூரா பேச்சு பரவி, ரெண்டு பேரு வந்து எந்த ஊருன்னு கேட்டாங்க, சாயங்காலம் கேஷ் க்ளோஸ் பண்ணிட்டு ஸ்ட்ராங் ரூமப் பூட்டறப்ப மேனேஜரே, "என்னம்மா, எனக்கு ஒரு மெயிலும் வரலியே, யார் மூலமாப் போட்டீங்க?"ன்னாரு.