848 சிசி மினி எஞ்சினில் மைலேஜ் தேடிய கதை

என் பழைய மினி காரின் 848 சிசி எஞ்சின் லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சரியாக அளந்துவிட வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது. இந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் மூல வடிவம் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்த 803 சிசி எஞ்சின். 1959இல் மினிக்காக அதைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அடியில் வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலைப் பொதுவாக்கினார்கள்.

டேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 25 லிட்டர்தான் என்பதால், நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே கணக்கு நான்கு சதவீதம் பிசகிவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நான்கு முழு டேங்குகளின் சராசரியை எடுத்தேன். முதல் சராசரி 11.6 கி.மீ. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் இடைவெளிகளை, அதாவது வால்வுகளுக்கும் அவற்றை அழுத்தும் கைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளை, 0.30 மி.மீ.க்கு வைத்த பிறகு 12.3 ஆனது.

தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. நான்கிலும் உலர்ந்த கரி படிந்திருந்தது. அதிலும் நடுவிலிருந்த இரண்டும் ஒரு சாயல், ஓரத்திலிருந்த இரண்டும் வேறு சாயல். சாயல் வேறுபாட்டைப் பழுது என்றே ஒரு வாரம் நினைத்திருந்தேன். ஆனால் சிலிண்டர்களின் மேல்மூடியான இந்த ஹெட்டில், பெட்ரோல் கலந்த காற்று நுழைய 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே உள்வாயில், 3, 4க்கு இன்னொன்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இழுத்த கையோடு மற்றது இழுக்கிறது, பிறகு நீண்ட இடைவெளி. கலவையின் பங்கு சமமாக விழ வழியில்லை.

கரிக்குக் காரணம் வேறு. காற்றில் பெட்ரோலைக் கலக்கும் இந்த எஸ்யூ கார்பரேட்டரில், குளிரில் கிளப்ப உதவும் சோக்கை இழுத்தால், பெட்ரோல் வரும் துளையான ஜெட் கீழே இறங்கிப் பெட்ரோலைக் கூட்டும். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிய பிறகும் கேபிள் விறைப்பாக நின்றதால், ஜெட் தன் இடத்தில் போய் அமரவே இல்லை; கூடுதல் பெட்ரோல்தான் கரியாகப் படிந்தது. கேபிளைச் சற்றுத் தளர்த்தி, பெட்ரோலைக் குறைக்க ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாக மேலே திருப்பி, கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சி வேகம் கணநேரம் உயர்ந்து உடனே தணிந்த இடத்தில் நிறுத்தினேன். சராசரி 13.7 ஆனது. இத்தனை நாள் அந்தக் கேபிளைப் பார்க்காமல் விட்டதில் எனக்கு வருத்தமே.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்கம் (வெற்றிட) குழாயை வாயால் உறிஞ்சியபோது உள்தட்டு அசையவில்லை, அதை இழுக்கும் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பாதி த்ராட்டிலில் ஓடும்போது தீப்பொறியை முன்கூட்டியே தருவது அதுதான் என்பதால், அடுத்த நான்கு டேங்குகள் புதிய டயஃப்ரத்துடன்.