முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு

நேற்றிரவு ஒரு சரித்திரத் துப்பறியும் நாவலை முடித்தேன். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக் காசு பறிக்கும் மீடியம் ஒருத்தி, அவளை அம்பலப்படுத்த வரும் மேடை மந்திரவாதி. எனக்கு உயிரான களம், ஆசையாகத்தான் எடுத்தேன். ஆனால் உச்சகட்டத்தில் மனசு விட்டுப்போயிற்று. கும்மிருட்டு அறையில், மேசைக்கடியில் ஓடும் கறுப்பு நூலை மந்திரவாதி பார்த்துவிடுகிறார். அந்த இருட்டில் எப்படிப் பார்த்தார்?

நிஜத்தில் புகழ்பெற்ற மேடை மந்திரவாதி ஹூடினி இப்படி ஒரு மீடியத்தை எப்படிப் பிடித்தார் என்பது இதைவிடப் பெரிய கதை. 1924 ஜூலை, பாஸ்டன். 'மார்ஜரி' என்று அழைக்கப்பட்ட மீடியம் மீனா கிராண்டனைச் சோதிக்க 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை அமைத்த குழுவில் அவரும் ஒருவர். அன்று பகல் முழுக்க முழங்காலுக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். கால் வீங்கி, லேசாகத் தொட்டாலே வலிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இரவு விளக்கணைந்ததும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மார்ஜரியின் கணுக்காலோடு தன் காலை ஒட்டி வைத்தார். ஆவி அடிக்க வேண்டிய மணி ஹூடினியின் பாதங்களுக்கு நடுவே ஒரு பெட்டியில். அந்தக் கணுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக, நூலளவு நூலளவாக, பெட்டியை நோக்கி நகர்ந்ததை அந்த வீங்கிய தோல் அவருக்குச் சொல்லிவிட்டது. அப்புறம் மணி அடித்தது.

இந்த மோசடிகள் நடந்ததெல்லாம் காதிலும் தோலிலும்தான். ஆவிகளோடு பேசும் இந்த அலையை அமெரிக்காவில் தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளின் 'ஆவி' கூட வெறும் தட்டல் சத்தம்தான். 1888-இல் மேகி ஃபாக்ஸ் நியூயார்க் மேடையில் ஏறி, அது தன் கால்விரல் மூட்டுகள் எழுப்பிய சத்தம் என்று செய்தே காட்டினார். அப்படியானால் நாவலும் அந்த வழியாகத்தானே நடக்க வேண்டும்? பக்கத்தில் இருப்பவரின் மூச்சு, மேசைவிரிப்பின் உரசல், வியர்த்த உள்ளங்கை... இவை இல்லாத ஆவி அமர்வு எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

இத்தாலிய மீடியம் யூசேபியா பல்லாடினோ, இருட்டில் ஒரு கையையே இரண்டு கைகள் என்று இருபுறமும் இருப்பவர்களை நம்பவைத்து மறு கையை விடுவித்துக்கொள்ளும் வித்தையைப் படித்ததிலிருந்து செய்து பார்க்கும் ஆசை இருந்தது. நாவலை மூடிய கையோடு விளக்கை அணைத்து, தம்பியையும் தங்கையையும் இருபுறமும் உட்காரவைத்தேன். தம்பி என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என் வலது கைவிரல்கள் தங்கையின் கைமேல். இரண்டு கைகளையும் உதறி உதறி நெருக்கமாகக் கொண்டுவந்து, வலது கையை உருவிக்கொண்டு, இடது கைவிரல்களை அவள் கைமேல் வைத்தேன். விடுபட்ட கையால் தம்பியின் காதைத் தொட்டதும் துள்ளி எழுந்தான்.

தங்கை மட்டும் இன்னமும் சாதிக்கிறாள், தன் கைமேல் கடைசிவரை இருந்தது என் வலது கைதானாம்.