ஏட்ரியன் போல்ட்: எல்லாம் கோலின் நுனியில்

மேடையில் துள்ளிக் குதித்து ஆர்கெஸ்ட்ராவை, அதாவது மேற்கத்திய இசைக்குழுவை, நடத்தும் கண்டக்டர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கிலாந்துக் கண்டக்டர் ஏட்ரியன் போல்ட் (1889–1983) சப்பென்று இருப்பார். நிமிர்ந்து நிற்பார், நீளமான கோலின் நுனி மட்டும் பேசும்.

1912-13இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் கண்டக்டர் ஆர்தர் நிக்கிஷின் ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. 1919இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அதையே பாடமாக்கினார். கோலைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தளர்வாகப் பிடிக்க வேண்டும். அசைவு முதலில் விரலில், பிறகு மணிக்கட்டில், போதாவிட்டால்தான் முழங்கை. புதியவர்கள் தோளிலிருந்து ஆரம்பிப்பார்கள். கோலை இறுக்கிப் பிடித்ததும் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், கை முழுக்கச் சுழலும், அடி எங்கே விழுந்தது என்று பின்வரிசைக்குத் தெரியாது, தாளம் இழுபடும். மென்மையாக வரவேண்டிய இடம் சத்தமாவதும் இதனால்தான்: வீச்சு பெரிதானால் வாசிப்பவர் தன்னையறியாமல் அழுத்துவார். வலக்கை செய்வதையே இடக்கையும் செய்வது வீண் வேலை.

1918 செப்டம்பர் 29 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘தி பிளானெட்ஸ்’ போல்ட் நடத்த முதன்முதலாக ஒலித்தபோது இந்தச் சிக்கனம்தான் கைகொடுத்திருக்க வேண்டும். வாசித்தவர்கள் அந்த இசையைக் கண்ணால் கண்டதே சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான். அதில் ‘மார்ஸ்’ என்ற பகுதி வேறு ஐந்தடித் தாளம்!

இன்னொரு பிடிவாதம் வயலின்கள். முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் எதிரே வலப்பக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் மெட்டு ஒரு ஸ்வரம் இங்கே, அடுத்தது அங்கே என்று இரு குழுவுக்கும் பிரிந்து கிடக்கிறது. தனியாக எந்தக் குழுவும் அதை வாசிப்பதில்லை. எல்லோரையும் ஒரே பக்கம் உட்கார வைத்தால் அந்த விளையாட்டே காதில் விழாது. வலப்பக்கம் உட்கார்ந்தால் வயலினின் முகம் மேடையின் உட்புறம் திரும்பி ஒலி கொஞ்சம் மெலியும். இரண்டாம் வயலின்கள் கூடுதலாக உழைத்தாக வேண்டும்.

போல்ட் 1924இல் பர்மிங்காம் நகர ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனார், 1930இல் புதிதாகப் பிறந்த பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு. அறுபது வயதில் ஓய்வு என்ற விதியைக் காட்டி 1950இல் பிபிசி அனுப்பிவைத்தது, நஷ்டம் பிபிசிக்குத்தான். அதே ஆண்டு லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவரை எடுத்துக்கொண்டது. 1962 முதல் 1966 வரை மறுபடி ராயல் காலேஜில் பாடம். அவரைப் பின்பற்றிய கண்டக்டர் வெர்னன் ஹேண்ட்லி, சிக்கனமான கோலசைவையும் எதிரெதிர் வயலின்களையும் கடைசிவரை விடவில்லை.