ஒரு விளக்குச் சரத்துக்கு நான்கு சொந்தக்காரர்கள்

நகர மையம் ஒன்றை மீட்டெடுக்கும் கூட்டு முயற்சியில் மூன்று ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பில் இருந்தேன். வணிகர் சங்கம், நகராட்சி, பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பு, ஓர் அறக்கட்டளை என நான்கு தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அமைப்புகள் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த விழாவில் அல்ல. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், கடைவீதியின் குறுக்கே நழுவித் தொங்கிய விளக்குச் சரத்தின் கீழே நின்றபோதுதான்.

சரத்தின் ஒரு முனை கழன்று, நடந்து போகிறவர்களின் நெற்றி உயரத்துக்கு இறங்கியிருந்தது. சரத்தை வாங்கியது வணிகர் சங்கம். அதைத் தாங்கிய கம்பம் மின் நிறுவனத்துடையது. மறுமுனைக் கொக்கி இருந்த சுவர் ஒரு தனியாருடையது. அந்தக் கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்ததால், அதில் புதிதாக ஓர் ஆணி அடிக்கவும் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் தேவைப்பட்டது. கீழே கிடந்த சாலை நகராட்சிக்குச் சொந்தம். ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்பது நாட்கள் சரம் அப்படியே தொங்கியது. பத்தாம் நாள் காலையில் யாரோ ஒருவர் பழைய துணிக்கிழிசலால் முடிச்சுப் போட்டு அதை உயர்த்திக் கட்டியிருந்தார். யார் என்று இன்றுவரை தெரியாது. பதாகையில் எந்த அமைப்பின் சின்னம் எங்கே வரவேண்டும் என்பதற்கு அதற்கு முன்பு இரண்டு கூட்டங்கள் முழுதாகச் செலவாகியிருந்தன என்பது மட்டும் என் கையெழுத்தில் குறிப்பேட்டில் இருக்கிறது.

நகர மையங்கள் ஏன் தளர்ந்தன என்ற கதை பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நகருக்கு வெளியே செல்லும் அகன்ற சாலைகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் மினசோட்டாவின் ஈடைனாவில் சவுத்டேல் என்ற முழுதும் மூடிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. வளாகத்துக்கு ஒரே உரிமையாளர். விளக்கு, குப்பை, காவல், வண்டி நிறுத்துமிடம், விளம்பரம், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பதுவரை எல்லாம் ஒரே மேசையில் முடிவாகும். கடைவீதியிலோ நூறு கட்டடங்களுக்கு நூறு உரிமையாளர்கள். வீதி தோற்றதற்கு அதன் அழகோ பழமையோ காரணமல்ல என்று நான் நினைக்கிறேன். முடிவெடுக்கும் மேசை அதற்கு இல்லை என்பதே பெரிய காரணம். இது புரியாமல் செய்யப்பட்ட பரிகாரங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். மிச்சிகனின் கலமசூ நகரம் 1959இல் தன் பிரதான வீதியில் வாகனங்களைத் தடுத்து நடைவீதியாக்கியது. வேறு பல ஊர்களும் அவ்வழியே சென்றன. வளாகத்தின் தரையைப் பார்த்து நகலெடுத்தார்கள், அதன் நிர்வாகத்தை விட்டுவிட்டார்கள். 1990களின் இறுதியில் கலமசூவே தன் நடைவீதியின் ஒரு பகுதியில் மீண்டும் வாகனங்களை அனுமதித்தது.

அந்த மேசையை முதலில் உருவாக்கிக்கொண்டவர்கள் கனடாவில், டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் வணிகர்கள். 1960களின் இறுதியில் சுரங்க ரயில் வந்ததும் முன்பு டிராமில் வந்து இறங்கிய கூட்டம் பூமிக்கடியில் போய்விட்டது. வணிக வளாகங்களோ மறுபுறம் இழுத்தன. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. ஆனால் சந்தா என்பது அவரவர் விருப்பம். பத்துப் பேர் பணம் போட்டு வீதியில் விளக்கு வைத்தால், பணம் போடாத பதினொன்றாவது கடையின் வாசலிலும் அதே வெளிச்சம்தான் விழும். இதைக் கண்ட பத்துப் பேரில் இருவர் அடுத்த ஆண்டு விலகுவார்கள். எந்தச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்தத் தேய்வைக் காணலாம்.

அவர்கள் கேட்டது விசித்திரமான ஒன்று: எங்கள் எல்லோர் மீதும் கூடுதல் வரி போடுங்கள், வசூலித்து எங்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். ஒன்டாரியோ மாகாணம் அதற்குச் சட்டம் செய்தது. 1970இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே பிறந்தது. நகராட்சி வசூலிக்கும், வணிகர்களின் குழு செலவிடும். வியாபாரி தானாக முன்வந்து வரி கேட்ட இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒருசேர வரும். கூட்டு முயற்சிக்கு நல்லெண்ணம் போதாது, விலகிப்போக முடியாத ஒரு கட்டு வேண்டும் என்பதை எந்தப் பேராசிரியரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கட்டு வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், அதை யார் போடுவது, எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி எழும். இங்கிலாந்தின் ஏற்பாடு இதில் எனக்குப் பிடித்தமானது. 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் தீர்வை விதிக்கும் முன் அதைக் கட்டப்போகும் வணிகர்களிடையே வாக்கெடுப்பு நடக்கவேண்டும். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தால் மட்டும் போதாது. ஆதரித்தவர்களுடைய இடங்களின் வரிமதிப்பும், வாக்களித்தவர்களின் மொத்த மதிப்பில் பாதியைத் தாண்டவேண்டும். சிறு கடைகள் எண்ணிக்கையால் பெரிய நிறுவனத்தை அமுக்கவும் முடியாது, பெரிய நிறுவனம் மதிப்பைக் காட்டிச் சிறு கடைகளை இழுத்துச் செல்லவும் முடியாது. ஏற்பாட்டின் ஆயுளும் அதிகபட்சம் ஐந்தாண்டுதான். தொடரவேண்டுமானால் மறுபடி வாக்குக் கேட்கவேண்டும். ஐந்தாம் ஆண்டில் குப்பைத் தொட்டிகள் திடீரெனப் பளபளக்கும் என்று கேலி பேசுவார்கள். பளபளக்கட்டுமே, முடிவுத் தேதி இல்லாத எங்கள் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டும் எதுவும் பளபளத்ததில்லை.

பணமும் விதியும் இருந்துவிட்டால் வேலை நடந்துவிடாது. அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 1977இல் மூன்று சிற்றூர்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது: இலினாயின் கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒவ்வோர் ஊருக்கும் கடைவீதியை மட்டுமே கவனிக்க முழுநேர மேலாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இதிலிருந்து 1980இல் பிறந்த மெயின் ஸ்ட்ரீட் மையம், அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதாரம் என்ற நான்கு முனை அணுகுமுறையால் பெயர் பெற்றது. அந்த நான்கு சொற்களையும் எல்லா ஊர்க்காரர்களும் ஒப்பிப்பார்கள். எனக்கென்னவோ நான்கு முனைகளைவிட அந்த ஒரு சம்பளக்காரர்தான் முக்கியமாகத் தெரிகிறார். காலையில் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, எந்தக் கடையின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த மாடி காலியாகக் கிடக்கிறது, எந்த உரிமையாளரின் வாரிசுகளுக்குள் வழக்கு நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர் அவர். எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், விளக்குச் சரம் கழன்ற அன்று மாலையே ஏணி வந்திருக்கும். நாங்களோ நான்கு அமைப்புகளிலும் ஏற்கெனவே வேலைச்சுமையில் இருந்த நால்வரைப் பிரதிநிதிகளாக வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தோம்.

அறக்கட்டளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கூட்டணியிலும் பணப்பை வைத்திருக்கும் ஒருவரைச் சுற்றியே மற்றவர்களின் பேச்சு வளைவதைப் பார்த்திருக்கிறேன். டென்னசியின் சாட்டனூகாவில் அது வேறுவிதமாக நடந்தது. கோகோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்ற செல்வத்திலிருந்து வந்த லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளை அங்கே முதன்மையான புரவலர்களில் ஒன்று. அந்த ஊரில் 1984இல் ‘விஷன் 2000’ என்ற பெயரில் பொதுமக்களைக் கூட்டி, ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். சுமார் 1,700 பேர் கலந்துகொண்டார்கள். 1986இல் ரிவர் சிட்டி கம்பெனி என்ற லாபநோக்கற்ற நிறுவனம் ஆற்றங்கரையையும் நகர மையத்தையும் பொறுப்பேற்றது. 1992இல் டென்னசி மீன் காட்சியகம் திறந்தது. 1978 முதல் மூடிக் கிடந்த, இடித்துவிடலாம் என்று பேசப்பட்ட வால்நட் தெருப் பாலம் 1993இல் நடைபாலமாக மீண்டது. கேள்விக்கும் முதல் பெரிய கட்டடத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். ஓராண்டு மானியத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்கும் வழக்கத்தில் பழகிய எங்களுக்கு இந்த எட்டு ஆண்டு ஒரு புராணக் கதைபோல இருந்தது.

இனி, எனக்கு உறுத்தலாகவே இருந்துவரும் விஷயம். மேசையில் அமர்ந்திருப்பவர்களைப் பற்றியே இதுவரை எழுதினேன். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வணிக மேம்பாட்டு வட்டாரத்தில் நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை இடங்கள் சொத்து உரிமையாளர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததை எதிர்த்து, அங்கு குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறி மீறப்படுகிறது என்பது அவர்கள் வாதம். இத்தகைய அமைப்பின் நோக்கம் குறுகியது, சுமையும் பயனும் பெரிதும் உரிமையாளர்களைச் சார்ந்தவை, எனவே அந்த நெறி இதற்குக் கட்டாயமல்ல என்று 1998இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். ஆனால் சின்சினாட்டியில் பெருநிறுவனத் தலைவர்களின் முனைப்பில் 2003இல் உருவான நகர மைய மேம்பாட்டு நிறுவனம், ஓவர்-தி-ரைன் பகுதியின் வாஷிங்டன் பூங்காவைப் புதுப்பித்து 2012இல் திறந்தபோது, அங்கே முன்பு இருந்த நீச்சல் குளமும் கூடைப்பந்துத் திடலும் திரும்ப வரவில்லை. பூங்கா அழகாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தத் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அழகைப் பற்றி வேறு கருத்து இருந்தது.

எங்கள் குழுவிலும் கூடுதல் தீர்வை பற்றிய பேச்சு ஒருவழியாக எழுந்தது. அந்தக் கூட்டத்துக்கு, வாடகைக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அழைப்பில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்; அதைக் கழற்ற மறந்துவிட்டார் போலும். பேச வாய்ப்புக் கேட்டு எழுந்தார்.

“ஐயா, கடிதம் கட்டட முதலாளிக்கு வந்தது. அவர் அதை என்னிடம் காட்டி, அடுத்த மாதத்திலிருந்து வாடகை இவ்வளவு கூடும் என்றார். அப்படியானால் வரி கட்டப்போவது நான். வாக்கு மட்டும் அவருக்கா?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பதில் சொல்ல எங்களிடம் விதி எதுவும் இல்லை. அவர் கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் நிகழ்ச்சிநிரலின் முதல் பொருளாக ‘வாடகைதாரர்களுக்கு இரண்டு இடங்கள்’ என்று தட்டச்சு செய்து நான்கு அமைப்புகளுக்கும் அனுப்பினேன். இரண்டு அமைப்புகள் சரி என்றன. ஒன்று தன் சட்ட ஆலோசகரைக் கேட்கவேண்டும் என்றது. நான்காவது, ஓர் இடம் போதாதா என்று கேட்டது.

பெரியவர் அந்தக் கூட்டத்துக்கும் வந்திருந்தார், இம்முறை அழைப்புடன். விளக்குச் சரத்தைத் துணியால் கட்டியது நீங்களா என்று கேட்கவேண்டுமென்று நினைத்தேன். அதற்குள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தலைவர் கேட்கத் தொடங்கிவிட்டார்.