ஆட்டோவுக்கு 250, ரயிலுக்கு 5: நேரு ஸ்டேடியமும் வியாசர்பாடியும்

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், மனசு இன்னும் ஆறவில்லை. சென்ட்ரல் பக்கமிருந்து வியாசர்பாடிக்கு 250 ரூபாய். மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டர் ரிப்பேர் சார்" என்றார். 150 என்றேன், பதில் சொல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டே போனார். பையன் வெயிலில் வாடி நின்றதால் ஏறிவிட்டேன். அன்று மாலை அதே வியாசர்பாடியிலிருந்து மின்சார ரயிலில் திரும்பினோம். ஆளுக்கு 5 ரூபாய். நடுவில் பேசின் பிரிட்ஜ் என்று ஒரே ஒரு ஸ்டேஷன். கோவையிலிருந்து இரண்டு பேர் போய்வர மொத்தம் 2,500 ரூபாய்க்குள் முடிப்பதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். அந்த 250 அப்படியே வயிற்றெரிச்சல். வடசென்னை போகிறவர்கள் தயவுசெய்து ரயில் ஏறுங்கள்.

சரி, எதற்காகப் போனோம் என்று சொல்கிறேன். அக்கா மகனுக்கு 12 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் லெஃப்ட் விங் ஆடுகிறான். டிவியில் மட்டுமே பார்த்த நேரு ஸ்டேடியத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. "மேட்ச் இல்லாட்டியும் பரவால்ல மாமா, சும்மா பாத்துட்டு வந்துரலாம்" என்றான். எனக்கும் ஆசைதான். சேரன் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர், விடிந்தால் சென்ட்ரல்.

அங்கிருந்து ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் பெரியமேடு, பத்துப் பதினைந்து நிமிடம். வடசென்னைக்கு இதை வாசல் என்றுதான் சொல்வேன். போட்டி இல்லாத நாளில் உள்ளே விடுவார்களா என்ற பயம் வழியெல்லாம் இருந்தது. கேட்டில் இருந்த பெரியவரிடம் கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பையன் போட்டிருந்த நீல ஜெர்சியைப் பார்த்தார். "பத்து நிமிசம். தம்பி, புல்லு மேல மட்டும் கால் வெக்கக் கூடாது, இன்னா?" என்றார். அவ்வளவுதான், பையன் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான்.

சுரங்கம் மாதிரியான வழியில் நடந்து வெளிச்சத்துக்கு வந்ததும் அந்தப் பச்சை கண்ணில் அறைந்தது. சுற்றிலும் ஆளில்லாத இருக்கைகள், ஒரு மூலையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், மேலே காக்கைகள். பையன் ஓடுதளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கால் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கை வைக்கலாமே! உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்து மெதுவாக ஒரு தரம் தடவினான். தண்ணீர் ஒட்டிய கையைப் பேண்ட்டில் துடைக்கவே இல்லை.

ஒரு குறையை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். தடகளத்துக்கான ஓடுதளம் மைதானத்தைச் சுற்றி இருப்பதால் கேலரிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நிறைய தூரம். கால்பந்து என்றால் பந்து உதைபடும் சத்தம் காதில் விழ வேண்டும், ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும். இத்தனை பெரிய கால்பந்து ஊருக்கு, எல்லைக்கோட்டை ஒட்டியே ஜனம் உட்காரும்படி தனி கால்பந்து மைதானம் ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இப்போது இருக்கும் ஸ்டேடியம் 1993-ல் எழுந்தது. 40,000 பேர் உட்காரும்படி கட்டினார்கள். அந்த ஆண்டே நேரு கோப்பை கால்பந்து இங்கே நடந்தது, கோப்பையை வட கொரியா தூக்கிக்கொண்டு போனது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். ஆனால் மண்ணின் கதை அதைவிடப் பழையது. முன்பு இதே இடத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் கிரிக்கெட் போட்டிகள் இங்கேதான் நடந்தன, சேப்பாக்கத்தில் இல்லை! 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த இடத்தில்தான். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 2008 வரை 52 வருஷம் அப்படியே நின்றது. 1962-ல் இங்கிலாந்தை முதன்முறையாக ஒரு தொடரில் இந்தியா தோற்கடித்தபோது கடைசி டெஸ்ட்டை ஜெயித்ததும் இங்கேதான். பையனிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். "கிரிக்கெட்டா, இங்கயா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். 413 என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தால் அதன் கீழே நின்று படம் எடுப்பதற்கென்றே மறுபடி வருவேன்.

அவனுக்கு வேண்டியது நம்ம ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. கதைதான். 2014-ல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடங்கியபோது பிரேசிலின் எலானோ இந்த அணிக்காக 8 கோல் அடித்து அந்த சீசனில் முதலிடம் பிடித்தார். அடுத்த வருஷம் மென்டோசா 13 கோல். பயிற்சியாளராக இருந்தவர் 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காக கோல் போட்ட மாத்தராஸி. அந்த 2015 டிசம்பரை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஊரே வெள்ளத்தில் கிடந்தது. இங்கே நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மண்ணில் ஆட முடியாத அணி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. பிறகு கோவாவில் இறுதி ஆட்டம், 90 நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என ஜெயித்து, கோப்பையோடு திரும்பினார்கள்.

ஆனால் எங்களை வியாசர்பாடிக்கு இழுத்துப் போனது வேறொரு நாள். 2018 மார்ச் 13, இதே மைதானம், மறுபடி அரையிறுதி, எதிரில் கோவா அணி. கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. இங்கே சென்னை அணியின் ஜெஜே ஒரு கோல் போட்டார், அடுத்த சில நிமிடங்களிலேயே தனபால் கணேஷ் இன்னொன்று. முடிவு 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரை அதன் ஊரிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அந்தத் தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். கொரிந்தியன்ஸ், இன்டர் மிலன் என்று வெளிநாட்டு அணிகளில் எங்கெங்கோ ஆடியவர்களைப் பற்றிப் பேசும் நாம், இந்த ஸ்டேடியத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி வளர்ந்தவனைப் பார்க்க மறக்கக் கூடாது. ஸ்டேடியத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது பாதி பயணம்தான்.

அப்புறம்தான் அந்த ஆட்டோ. போகட்டும்.

வியாசர்பாடியை 'குட்டி பிரேசில்' என்பார்கள். பக்கத்திலேயே ரயில்வே பணிமனைகள், பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அந்தக் கால பின்னி மில், கொஞ்சம் தள்ளித் துறைமுகம். உழைக்கிற ஜனங்கள் நெருக்கி வாழ்ந்த இடம். பேட், பேடு, கிளவுஸ் எதுவும் வேண்டாம், ஒரு பந்து இருந்தால் இருபது பிள்ளைகள் ஆடலாம். மூன்றரை மணிக்கு நாங்கள் நுழைந்த சந்தில் ஃபைவ்ஸ், அதாவது அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து, நடந்துகொண்டிருந்தது. இரண்டு செங்கல் ஒரு கோல் போஸ்ட், இரண்டு செருப்பு இன்னொன்று. பந்தின் மேல்தோல் பல இடங்களில் உரிந்து துணி தெரிந்தது. ஒருவன் ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போட்டிருந்தான், இன்னொரு ஷூ எதிரணியில் ஆடிய அவன் தம்பியின் காலில்.

"அண்ணா, உங்க பையன் ஆடுவானா?" என்று கேட்டது ஒரு சிறுமி. பதினொரு வயது இருக்கும், வெறுங்கால். பையன் இறங்கினான். மூன்று தரம் அவனைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு தரமும் பந்து அவள் பாதத்தை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. இடது பக்கம் சாக்கடை, வலது பக்கம் நிறுத்தி வைத்த பைக்குகள், அதற்கு நடுவே ஆடிப் பழகிய கால் அது. நான்காவது தரம் இவன் பந்தைப் பறித்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கை தட்டியது.

பசி வந்ததும் அந்தப் பிள்ளைகளே அத்தோ கடைக்குக் கூட்டிப்போனார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் வடசென்னைக்குக் கொடுத்த சாப்பாடு. கடைக்கார அக்கா ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கை அள்ளி, முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் போட்டு, மேலே தட்டையை நொறுக்கித் தூவி, விரல்களாலேயே பிசைந்தார். கரண்டியால் கிளறினால் இந்த ருசி வராது, பந்தயம். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றினார். பையன் இரண்டு தட்டு, நான் இரண்டு தட்டு, அந்தச் சிறுமிக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் முட்டை மசாலா. எல்லாம் சேர்ந்தும் ஆட்டோவுக்குக் கொடுத்த அளவு ஆகவில்லை.

வழி, நேரம் எல்லாம் ஒழுங்காக எழுத நினைத்தேன், எங்கெங்கோ போய்விட்டது. சுருக்கமாக: ஸ்டேடியத்துக்குக் காலையில் போங்கள், வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள். மதியத்துக்கு மேல் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் பிடித்து வியாசர்பாடி ஜீவாவில் இறங்குங்கள். 1952-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் போன ஜீவானந்தத்தின் பெயர் தாங்கிய ஸ்டேஷன் அது. இரவு சேரனுக்கு நிறைய நேரம் இருக்கும். எங்கள் செலவு கடைசியில் 2,610 ரூபாய். அக்காவிடம் 110 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னேன். அவளோ மகனுடைய ஷூவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். வியாசர்பாடி மண் ஒட்டிய அதைத் துவைக்கப் போடமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறானாம்.